மதிலோரக் கோடு

கருவறைக்கு மேலே மவுஸைக் கொண்டுபோகக் கூடாதென்று உலகம்மாளுக்கு எவரும் சொல்லவில்லை. ஆயினும், திரையில் தெரிந்த அந்தச் சின்னஞ்சிறு கை தெற்குப் பிரகாரத்தைத் தாண்டி விமானத்தை நெருங்கியபோது, அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் தொட்டுவிட்டவளைப்போல வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வானத்திலிருந்து பார்த்தால் ஊர் இப்படியா இருக்கும்? பிறந்தது முதல் அண்ணாந்தே பார்த்துவந்த கோபுரம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் நிழல் மேற்கே, உள்மண்டபத்தின்மேல் விழுந்திருந்தது; அப்படியானால் செயற்கைக்கோள் இந்தப் படத்தை எடுத்தது ஒரு காலைப்பொழுதில்; அந்நேரம் நாம் அஞ்சலகத்தில் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து யாருடைய பார்சலையோ நிறுத்துக்கொண்டிருந்திருப்போம், தலைக்குமேல் ஒன்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறது, தெரியவேயில்லையே என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அடுத்த அறையில் கணவர் குற்றாலிங்கம் உறங்கிக்கொண்டிருந்தார். மாடித்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் கீழே ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. காலையில் நடந்த கூத்துக்குப் பிறகு, இன்று முழுக்க மோட்டாரைத் தாமே பார்த்துக்கொள்வதாக அறிவித்து, அதைப் போட்டுவிட்டு, அவர் படுத்துக்கொண்டார். கணினி, ஓசூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்றது. வரைபடத்தில் தூரம் அளக்கும் வித்தையையும் அவன்தான் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தான்: தொடங்கும் இடத்தில் ஒருமுறை அழுத்தினால் ஒரு புள்ளி விழும், அடுத்த இடத்தில் அழுத்தினால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடும், மூலையில் தூரம் தானே ஏறிக்கொண்டு போகும். அவ்வளவுதான். அவ்வளவுதானா? எத்தனை மாதங்களாக விடியுமுன் எழுந்து, சாரலில் நனைந்து, நாய்களுக்குப் பெயர் வைத்து, நான்கு ரத வீதிகளையும் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறோம். அத்தனையும் ஒரு விரலின் அழுத்தலில் எண்ணாகிவிடுமா? தேர்வு முடிவு ஒட்டப்பட்ட பலகையை நோக்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போது நெஞ்சுக்குள் ஒன்று குதிக்குமே, அது குதித்தது.

முதல் புள்ளியைக் கீழ ரத வீதியில், தேர் நிற்கும் தகரக் கொட்டகைக்கு எதிரே வைத்தாள். ஓட்டம் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். கை நிறையப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு, கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடுவது அவள் வழக்கம். கை காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தொலைபேசியை நம்பி ஒரு மாதம் ஓடிப் பார்த்தாள். பேருந்தில் அமர்ந்து அலுவலகம் போனதையும் அது நடையென்று பாராட்டிய அன்றே அதை அலமாரியில் வைத்துவிட்டாள். எடை பார்த்தே பிழைப்பவளுக்குப் பொய்த் தராசு ஆகாது. புளியங்கொட்டை பொய் சொல்லாது. இன்று காலை அவள் கையில் இருந்தவை பத்து. பத்தும் தீர்ந்தன. பத்துச் சுற்று! இதற்கு முன் எட்டைத் தாண்டியதில்லை. கோயிலைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்பது ஊரில் எல்லாரும் சொல்வது. பாலூற்றுகிறவர் சொல்வார், ஆட்டோ ஓட்டுகிறவர் சொல்வார், சர்க்கரை நோய்க்காக நடக்கிற வக்கீல் சொல்வார். அந்தக் கணக்கில் பத்துச் சுற்று பத்துக் கிலோமீட்டர். தேர்க்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள்; வீதி கூட்டும் பெண் ஒருத்தி மட்டும் துடைப்பத்தை நிறுத்தி, காப்பி வேணுமாம்மா என்று கேட்டாள். பிறகு வீடு வந்து செண்பகத்திடம் தொலைபேசியில் சொன்னபோது, செண்பகத்தின் கணவர் பின்னாலிருந்து, அதெல்லாம் ஊர்க்கணக்கு, ஒரு சுற்று எண்ணூறுதான் தேறும் என்று ஒரு வார்த்தை போட்டார். அந்த ஒரு வார்த்தை காலை முழுவதும் செருப்புக்குள் அகப்பட்ட கல்லைப்போல உறுத்தியது. செண்பகம் குற்றாலிங்கத்தின் தங்கை. அடுத்த ஞாயிறு மாவட்டத் தலைநகரில் நடக்கவிருக்கும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெண்களைத் திரட்டி வேன் பேசியிருப்பவள். ஒரே ஓர் இருக்கை மிச்சம் இருக்கிறது. அவள் இன்று பேசிய பேச்சு காதிலேயே நிற்கிறது. "மதினி, ஒரே வார்த்தையில சொல்லிருங்க, வாரியளா, வரலையா? டிரைவர் என் உசிர எடுக்கான். அஞ்சு மணிக்குள்ள சொல்லலேன்னா அந்த சீட்ட நர்சம்மாவுக்குக் குடுத்துருவேன், பெறவு என்னைய நோவக் கூடாது." நோவதற்கென்ன இருக்கிறது? நிபந்தனை விதித்தவள் உலகம்மாளேதான். இந்த ஊர்த் தெருவிலேயே பத்துக் கிலோமீட்டரை ஒருமுறையேனும் முழுதாக ஓடி முடித்தால்தான் வேனில் ஏறுவேன், இல்லையென்றால் இந்த ஆண்டும் இல்லை, எந்த ஆண்டும் இல்லை.

மவுஸை மெல்ல நகர்த்தினாள். தென்கிழக்கு மூலையில் ஒரு புள்ளி. சுவாமியை வலப்புறம் வைத்து, மதிலின் செங்காவி வெள்ளைப் பட்டைகளை ஒட்டியே கோடு போயிற்று; படத்தில் பட்டைகள் தெரியவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்தன. சென்ற ஆண்டு அந்த ஓட்டத்திலும் இப்படித்தான் எல்லாம் இலகுவாகத் தொடங்கியது. மேளச் சத்தம், ஒரே நிறத்தில் ஆயிரம் பனியன்கள், யாரோ ஒலிபெருக்கியில் எண்ணுவது. கூட்டம் இழுத்த இழுப்பில் தன் ஓட்டத்தை மறந்து பிறர் ஓட்டத்தை ஓடினாள். பாதி தாண்டியதும் கால்கள் அவளுடையவையாக இல்லை. பாலத்து ஏற்றத்தில் நின்றாள். சற்று நின்றுவிட்டு ஓடலாம் என்றுதான் நின்றாள். அதற்குள் பின்வண்டி வந்துவிட்டது. ஓட முடியாமல் நின்றவர்களை அள்ளிக்கொண்டு கடைசியில் வருகிற வண்டி அது. உள்ளே தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே அமர்ந்திருந்த பருத்த மனிதர் ஒருவர், வங்கி மேலாளராம், தாம் தின்றுகொண்டிருந்த வாழைப்பழத்தில் பாதியை ஒடித்து நீட்டினார். அதை வாங்கித் தின்றோமே! ஓடாததைக்கூட மன்னித்துவிடலாம், அந்தப் பழம் அவ்வளவு இனித்ததே, அதை எப்படி மன்னிப்பது? முடிவிடத்தில் இளநீரோடு காத்திருந்த செண்பகத்தின் முன்னால் வண்டியின் பின்கதவைத் திறந்து இறங்கினாள். செண்பகம் இளநீரை நீட்டினாள். கேலி செய்தவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். மேடத்த முகவரியில ஆள் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாமே என்று தபால் பிரிக்கும் மேசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஏனென்றால் நல்ல நகைச்சுவை அது. தென்மேற்கு மூலை. ஒரு புள்ளி. மேல ரத வீதியில் ஒரு மரம் படத்தை மறைத்தது; அது வேம்பு என்று அவளுக்குத் தெரியும், செயற்கைக்கோளுக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. வடக்கு ரத வீதி. சிரிப்பு தானாக வந்தது. கை இப்போது காலைவிட வேகமாக ஓடியது, வடகிழக்கு மூலை, கீழ ரத வீதி, கொட்டகை. தொடங்கிய புள்ளியின்மேலேயே கடைசிப் புள்ளி விழுந்தது. மூலையில் எண் நின்றது. பூச்சியம், ஒரு புள்ளி, தொண்ணூற்றிரண்டு.

தொண்ணூற்றிரண்டு என்றால் தொள்ளாயிரத்து இருபது மீட்டர். பத்தால் பெருக்குவதற்குக் காகிதம் வேண்டியதில்லை. ஆனாலும் அவள் மனம் அந்தப் பெருக்கலைச் செய்ய மறுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மீண்டும் பார்த்தது. ஒன்பதும் கொஞ்சமும். எண்ணூறு மீட்டர் குறைகிறது. ஒரு சுற்றுக்குக்கூட இல்லை. இன்னும் ஒரே ஒரு சுற்றைச் சேர்த்து ஓடியிருந்தால்! காலில் தெம்பு இருந்ததே. இருந்தது, உண்மையாகவே இருந்தது. கையில்தான் கொட்டை இல்லை. பதினொன்றாக எண்ணி எடுத்திருக்கலாம். ஊர் சொல்வதை எதற்கு நம்பினாய்? பார்சலைக் கையில் வாங்கியதும் எடை தெரிகிறவள், தினமும் மிதித்த வீதியை நிறுக்காமல் நம்பினாயே. செண்பகத்தை அழைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான்; நர்சம்மா போய்வரட்டும், இளையவள், நன்றாக ஓடுவாள். தொலைபேசி மேசையில்தான் கிடந்தது. கை போகவில்லை. நான்கு மணி தாண்டியிருந்தது. பொய் சொன்னால் என்ன? பத்து ஓடிவிட்டேன் என்றால் எவர் அளக்கப் போகிறார்? எவரும் இல்லை, ஆனால் பாலத்து ஏற்றம் அளக்கும். அது தன் தராசோடு அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. சனியன் பிடித்த மோட்டார், காலையிலும் அதுதான். ஓடக் கிளம்பும்போது அதைப் போட்டுவிட்டு வந்தது பத்தாம் சுற்றில்தான் நினைவுக்கு வந்தது. எந்த இடத்தில்? வடக்கு ரத வீதியில், நம் வீட்டுக்குப் போகும் சந்தின் வாயில். நினைத்ததும் இடக்கால் தானாகவே சந்துக்குள் திரும்பப் பார்த்தது. இத்தனை ஆண்டுகளாகத் தொட்டி வழியும் ஓசைக்கு ஓடி ஓடிப் பழகிய கால். கீழ்வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் நனையும், அவர் காலையிலேயே கத்துவார், குற்றாலிங்கம் போர்வைக்குள்ளிருந்து உலகம்மா என்பார். அப்போதுதான், நிரம்பினால் நிரம்பட்டும் என்று ஒரு குரல் கேட்டது. அவள் குரல்தான். அதுவரை அந்தக் குரலில் அவள் அப்படியொன்றைச் சொன்னதில்லை. சந்து அவளுடைய இடது முழங்கையை உரசினாற்போலக் கடந்து போனது. உள்ளிருந்து யார் வீட்டிலோ வறுக்கும் காப்பிக்கொட்டையின் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்தை இப்போதும் முகர முடிகிறது. முழங்கையை உரசினாற்போல. உரசினாற்போல? உலகம்மாள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

சந்து இருப்பது வடக்கு ரத வீதியின் வடபுறத்தில். மதில் இருப்பது தென்புறத்தில். நடுவே தேர் உருண்டு போகும் அகலத்துக்கு வீதி கிடக்கிறது. மதிலை ஒட்டி ஓடுகிறவளுக்குச் சந்து எப்படி முழங்கையை உரசும்? திரையைப் பார்த்தாள். கோடு மதிலோடு ஒட்டிக்கொண்டு, ஆடையின் கரையைப்போலக் கோயிலைச் சுற்றிக் கிடந்தது. வலம் வருகிறவள் போகும் வழி அது. பிரதோஷத்தன்று வெறுங்காலோடு, வலக்கை மதிலைத் தடவத் தடவப் போகிற வழி. அந்த வழியாக ஒருநாளாவது ஓடியிருக்கிறாளா? ஒருநாள்கூட இல்லை! ஓடுவது ஷூ மாட்டிய காலோடு அல்லவா? காலணியோடு மதிலோரம் போக அவளுக்கு மனம் வந்ததேயில்லை. ஊரே செருப்போடும் பைக்கோடும் மதிலை உரசிக்கொண்டு போகிறது, அது வேறு. அவள் முதல்நாள் ஷூ மாட்டிய அன்றே வீதியின் மறுகரைக்குப் போனவள், கடைப் படிகளை ஒட்டியே ஓடுகிறவள், கோபுரவாசலுக்கு நேரே வரும்போது இன்னும் ஓரடி விலகிச் சாக்கடை மூடியின்மேல் கால்வைத்துப் போகிறவள். சாமிக்கு ஷூ நாத்தம் அடிச்சிருமாக்கும் என்று செண்பகம் எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள். அவ்வளவு தூரம் விலகி ஓடிவிட்டு, மவுஸைப் பிடித்ததும் கை பக்தியாகிவிட்டது. ஓடிய கால் எங்கே போயிற்று என்று கேளாமல், கும்பிட்ட கை போன வழியையே வரைந்துவிட்டது. பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டு தேனாக இருந்தது. கோட்டை அழித்தாள். ஒரே அழுத்தலில் கோயில் கட்டவிழ்ந்தது. மணியைப் பார்க்கவில்லை. பெருக்கிப் பார்க்கவும் இந்த முறை விரும்பவில்லை. ஒரு சுற்றைப்போல இன்னொரு சுற்று இருந்ததா என்ன? அத்தனையையும் வரைய வேண்டும். ஓடிய ஒவ்வொன்றையும் ஓடியபடியே.

கொட்டகைக்கு எதிரே, ஆனால் இம்முறை பாத்திரக்கடை வாசலில், முதல் புள்ளி. முதல் சுற்று இருட்டில். தெருவிளக்குகளுக்கு அடியில் சாரல் பறந்தது தெரிந்தது. உடம்பு திட்டிக்கொண்டே வந்தது. தென்கிழக்கு மூலையில் மருந்துக்கடையின் படியை ஒட்டி வெளிப்புறமாகத் திரும்பினாள், மவுஸும் திரும்பியது. இரண்டாம் சுற்றில் உடம்பு வாயை மூடிக்கொண்டது. மூன்றாவதில் பல்விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் நுரையோடு தலையசைத்தார். நான்காவதில் நாய் கூடவே வந்தது. அது குறுக்கே பாய்ந்ததால் அவள் ஒரு வளைவு வளைந்தாளே, அந்த வளைவுக்கு ஒரு புள்ளி கூடுதலாக வைக்கலாமா? வைக்கவில்லை, கள்ளத்தனம் கூடாது. கோட்டின்மேல் கோடு விழுந்து, நூல் கயிறாகத் தடித்தது. ஆறாவதில் மலைப்பக்கமிருந்து காற்று வந்து மேல ரத வீதியில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. நாற்காலியில் அமர்ந்திருந்தவள் இப்போதும் குனிந்துகொண்டாள். கட்டைவிரல்கள் தரையை அழுத்தின. மூச்சு மெய்யாகவே வாங்கியது. பின்னால் குற்றாலிங்கம் வந்து நின்றது ஏழாம் சுற்றில், அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே திரையை எட்டிப் பார்த்து, "என்னளா, கோயிலுக்கு நூல் சுத்துதியா?" என்றார். ஓடும்போது பேசக் கூடாது. அவர் கொஞ்சநேரம் நின்றார். மூலையில் ஏறும் எண்ணைக் கண்டுகொண்டதும் அவருடைய மூச்சும் மாறியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எட்டு. ஒன்பது. தொலைபேசி அடித்தது, செண்பகம், அடித்து ஓய்ந்தது. பத்தாவது. கையில் கடைசிக் கொட்டை மட்டும், வியர்வையில் வழுக்கிக்கொண்டு. தெற்கு. வானம் வெளுத்திருந்தது. மேற்கு. வேம்பு. வடக்கு ரத வீதியில் நுழைந்தாள்; எண் ஒன்பதின் கடைசிப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. இங்கே, இந்த இடத்தில், சந்து. காப்பி மணம். திரும்பிவிடு, ஸ்கூட்டர் நனையும். நிரம்பினால் நிரம்பட்டும். சந்தின் வாயைத் தாண்டி, பூட்டிய குடைக்கடைக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள். பத்து.

முடிவிடம் இன்னும் வரவில்லை. மூலை திரும்பவில்லை, கொட்டகை கண்ணில் படவில்லை. கொட்டை கையில்தான் இருந்தது. மேளமில்லை, ஒலிபெருக்கியில்லை, வீதி கூட்டுகிறவள்கூட அந்தப் பக்கம் இல்லை. சந்தில் திரும்பியிருந்தால் கைநழுவிப் போயிருக்கும். திரும்பாமல் சில எட்டுகள் வைத்ததில் அவள் பத்துக் கிலோமீட்டர் ஓடியவளாகியிருக்கிறாள். ஆன அந்தக் கணத்தில் அவள் மனத்தில் இருந்ததோ, கீழ்வீட்டுக்காரர் என்ன கத்துவார் என்பது. வாழ்நாளின் அவ்வளவு பெரிய இடத்தைக் குடைக்கடை வாசலில் கவனிக்காமல் மிதித்துவிட்டுப் போயிருக்கிறோமே! அவள் அதோடு நிறுத்திவிடவில்லை, ஓடியது ஓடியதுதான், மூலை திரும்பி, கீழ ரத வீதியில் இறங்கி, பாத்திரக்கடை வாசலில் கடைசிப் புள்ளியை வைத்த பிறகே மவுஸிலிருந்து கையை எடுத்தாள். குற்றாலிங்கம் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீண்டும் எண்ணைப் பார்த்தார். "ஏ அப்பா" என்றார், அவ்வளவுதான். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. தொலைபேசி மறுபடியும் அடித்தது.

"மதினி, மணி அஞ்சாகப் போவுது. நர்சம்மா லைன்ல நிக்காவ."

"நர்சம்மாட்ட மன்னிச்சுக்கிடச் சொல்லு. அந்த சீட்டு எனக்குத்தான்."

"பத்தா?"

"பத்துக்கு மேல."

"பெறவு இந்த வருசமும் அந்த வண்டிக்குள்ள இருந்து இறங்கினியள்னா, யாரோன்னு நின்னுக்கிடுவேன், சொல்லிட்டேன்."

"இறங்கினா, பாதிப் பழம் உனக்கும் கொண்டாருதேன்."

செண்பகம் சிரித்த சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. அது ஓய்ந்தபோதுதான் இன்னோர் ஓசை கேட்டது. வெகுநேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். மாடியிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் அறைந்து, கீழே தகரத்தில் விழுந்து, கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் ஓசையோடு கலந்தது. உலகம்மாளின் இடக்கால் எழுந்துவிட்டது. பழக்கம். அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெல்ல அதைத் திரும்பத் தரையில் வைத்தாள்.

"தொட்டி வழியுது" என்றார் குற்றாலிங்கம், நின்ற இடத்திலிருந்தே, எப்போதும்போல.

"கேக்குது" என்றாள் உலகம்மாள். "ஓடுங்க."

அவர் ஓடினார். அடுக்களையைத் தாண்டி, படிகளில் இறங்கி, நனைந்த தரையில் பாதங்கள் சப்புச் சப்பென்று பதிய, மோட்டார் சுவிட்சு வரைக்கும் அவர் ஓடும் ஓசையை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டபடி, குடைக்கடை வாசலில் நின்ற அந்தப் புள்ளியைப் பார்த்தபடி, இரண்டு கால்களையும் எதிர் நாற்காலியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.